சனாதிபதித் தேர்தலும் தேசாபிமானமும்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உங்கள் முன்னிலையிற் பேசுவதற்கு எனக்கு வயதும் போதாது, கல்வியும் போதாது. ஆயினும் நமது செயலாளர் அவர்கள், "தம்பி, நீ பல்கலைக்கழகத்தில் அரசியல் படிக்கிறாய், இனமும் தேசாபிமானமும் என்பது பற்றிக் கொஞ்ச நேரம் பேசு" என்று பணித்துவிட்டார். மறுத்தால் பயந்துவிட்டான் என்பார்கள். ஏற்றால் பேசத் தெரியாதவன் என்பார்கள். இரண்டாவது பழியே மேலென்று கருதி வந்து நிற்கின்றேன்.

மிஷன் பள்ளிக்கூடத்திலே படித்த பையனுக்குச் சைவ மேடையில் என்ன அலுவல் என்று முன்வரிசையில் ஒரு பெரியவர் மெல்லக் கேட்டது என் காதிலும் விழுந்தது. நல்லூர் ஆறுமுக நாவலர் படித்ததும் மெதடிஸ்த மிஷன் பள்ளிக்கூடத்திலேதான். பேர்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழாக்கியபோது துணைநின்றவரும் நாவலரே. நான் நாவலர் அல்லன் என்பது அந்தப் பெரியவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

இந்த விடயத்தை நான் ஏன் எடுத்துக்கொண்டேன் என்பதை ஒளிக்காமற் சொல்லிவிடுகின்றேன். சென்ற மாதம் நமது செயற்குழுவிலே ஒரு வாதம் எழுந்தது. ஆண்டு விழாவிலே நந்திக்கொடியோடு தேசியக் கொடியையும் ஏற்றுவதா, தேசிய கீதத்தைத் தமிழிலே பாடுவதா என்பதுதான் வாதம். ஏற்றாவிட்டால் நம்மைத் தேசாபிமானம் இல்லாதவர்கள் என்பார்கள் என்றார் ஒருவர். ஏற்றினால் நம்மைத் துரோகிகள் என்பார்கள் என்றார் மற்றொருவர். இருவரும் நல்லவர்கள், இருவரும் நம்மவர்கள். எனக்கு அங்கே வியப்பாக இருந்தது ஒன்று. கொடியைப் பற்றியோ கீதத்தைப் பற்றியோ தாம் என்ன நினைக்கிறார் என்பதை இருவருமே சொல்லவில்லை. பிறர் என்ன சொல்வார் என்பதையே இருவரும் சொன்னார்கள். பரீட்சைக்குப் போகும் பிள்ளை பரிசோதகரை நினைத்து நடுங்குவது போல இருந்தது அது. யார் அந்தப் பரிசோதகர்? அவரை அந்த ஆசனத்தில் இருத்தியது யார்? இன்று நான் பேச வந்தது இதைப் பற்றியே.

முதலில் பிறநாட்டுக் கதை ஒன்று. யாழ்ப்பாணத்துக்கு அமெரிக்கா தூரத்து நாடன்று. 1816 ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மிஷனரிமார் தெல்லிப்பழைக்கு வந்துவிட்டார்கள். 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரி. அடுத்த ஆண்டு உடுவிலிலே பெண்கள் பாடசாலை. பின்னர் மானிப்பாயிலே வைத்தியர் கிறீன். ஆகவே என்னைப் போன்ற மிஷன் பள்ளி மாணவர்களுக்கு ஆபிரகாம் லிங்கன் ஏறக்குறைய ஊர்ப் பெரியவர்களில் ஒருவர்.

1865 ஆம் ஆண்டு மார்ச் 4 ஆம் திகதி லிங்கன் இரண்டாம் முறையாகச் சனாதிபதிப் பதவியை ஏற்றார். நான்கு வருட உள்நாட்டு யுத்தம் முடியும் தறுவாய். வெற்றி கைக்கெட்டும் தூரத்தில். வெற்றி பெறுகின்ற ஒரு தலைவன் அன்று என்ன பேசியிருக்கலாம்! ஆனால் அவர் பேசியது மிகச் சுருக்கம். அதிலே வெற்றி முழக்கமே இல்லை. இரு பக்கத்தாரும் ஒரே வேதத்தைப் படித்து ஒரே கடவுளைத்தான் வேண்டினர் என்றார். அடிமைத்தனம் என்ற பாவத்தைத் தோற்கின்ற தெற்கின் தலையிலே மட்டும் சுமத்தாமல், முழு நாட்டின் கணக்கிலும் எழுதினார். அன்று மாலை வெள்ளை மாளிகை வரவேற்புக்கு வந்த பிரெடெரிக் டக்ளஸ் என்ற கறுப்பினப் பேச்சாளரைக் காவலர்கள் வாசலிலே தடுத்தார்கள். அடிமையாய்ப் பிறந்து தப்பி வந்தவர் அவர். செய்தி அறிந்த லிங்கன் அவரை உள்ளே அழைப்பித்து, என் பேச்சைப் பற்றி உமது அபிப்பிராயம் என்ன என்று கேட்டார். சனாதிபதி கேட்கிறார்; வாசலிலே தடுக்கப்பட்டவர் பதில் சொல்லுகிறார். பரிசோதகர் யார், பரீட்சை எழுதியவர் யார் என்பதைக் கவனியுங்கள்.

நாற்பத்தொரு நாட்களுக்குப் பின் லிங்கன் சுடப்பட்டார். அதன் பின் நடந்தது அவ்வளவு அழகான கதையன்று. 1876 ஆம் ஆண்டுச் சனாதிபதித் தேர்தலின் முடிவிலே தகராறு எழுந்தது. 1877 இல் ஹேய்ஸ் என்பவரைச் சனாதிபதியாக்கி அது தீர்க்கப்பட்டது. அவர் பதவியேற்றதும் தெற்கிலே எஞ்சியிருந்த மாநில அரசாங்கங்களுக்குக் காவலாய் நின்ற மத்திய படைகள் விலக்கப்பட்டன. வடக்கு வெள்ளையரும் தெற்கு வெள்ளையரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். அதையும் நல்லிணக்கம் என்றுதான் அழைத்தார்கள். ஆனால் அந்த நல்லிணக்கத்துக்கு விலை கொடுத்தவன் கறுப்பன். அவனுடைய வாக்குரிமை தென் மாநிலங்களிலே சிறிது சிறிதாகப் பறிக்கப்பட்டது. அது சட்டத்தின் மூலம் உறுதியாகத் திரும்பி வர 1965 ஆம் ஆண்டு ஆயிற்று. இரண்டு பேர் சமாதானமாகும்போது மூன்றாவது ஆள் எங்கே நிற்கிறான் என்று பார்க்க வேண்டும். இதற்கு நம் ஊரிலும் உதாரணம் உண்டு, பின்னர் வருகின்றேன்.

இனி நமது தீவுக்கு வருவோம். 2009 ஆம் ஆண்டு மே மாதம் 19 ஆம் திகதி, யுத்தம் முடிந்ததை அறிவிக்கச் சனாதிபதி மகிந்த ராஜபக்ஷ பாராளுமன்றத்திலே பேசினார். தமிழிலும் சில வசனங்கள் பேசினார். அதை நான் குறைவாக மதிக்கவில்லை. அந்த உரையிலே, இனி இந்த நாட்டிலே சிறுபான்மையினர் என்று எவரும் இல்லை, நாட்டை நேசிப்போர், நேசிக்காதோர் என்ற இரு பிரிவினரே உண்டு என்ற கருத்தை வெளியிட்டார். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது, அல்லவா? இனப் பெயரை அழித்துவிட்டால் இனப் பகையும் அழிந்துவிடும் என்று சிலர் மகிழவும் செய்தார்கள். ஆனால் பெரியோர்களே, தமிழன் என்பதை என் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் சொல்லும். எவரும் மறுக்க முடியாது. நாட்டை நேசிப்பவன் என்பதை யார் சொல்வது? எந்தக் கிராம சேவையாளர் அத்தாட்சி கொடுப்பார்? பிறப்பினால் வந்த பிரிவை எடுத்துவிட்டு, ஆட்சியாளரின் திருப்தியினால் வரும் பிரிவை அந்த இடத்தில் வைத்தால், நாம் நாள்தோறும் பரீட்சைக்கு உட்கார வேண்டியவர்கள் ஆகிவிடுகின்றோம்.

அந்த வேளையிலே வன்னி மக்கள் முட்கம்பி வேலிக்குள்ளே, செட்டிகுளத்து மனிக் பாம் முகாம்களிலே இருந்தார்கள். இங்கே இருப்பவர்களிலும் சிலர் அங்கே இருந்தீர்கள். அதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இந்தப் பரீட்சையிலே நாம் எத்தனை முறை தேறியிருக்கிறோம் என்பதைப் பழைய கணக்கேட்டைப் புரட்டிப் பார்த்தால் தெரியும். சனாதிபதித் தேர்தல் என்பது முழுத் தீவும் ஒரே தொகுதி. அங்கே ஒரு தமிழன் வெல்லப் போவதில்லை என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆகவே யாழ்ப்பாணத்தான் அந்தத் தேர்தலிலே அளிக்கும் வாக்குப் பெரும்பாலும் இன்னோர் இனத்தவனுக்கு அளிக்கும் வாக்கு. காலி வாக்காளர் எவரும் ஒரு தமிழனைச் சனாதிபதியாக்குவதா என்ற கேள்விக்கு மெய்யாகவே முகங்கொடுக்க வேண்டி வந்ததில்லை. நமக்கோ ஒவ்வொரு முறையும் அதே கேள்விதான்.

முதலாவது சனாதிபதித் தேர்தல் 1982 ஆம் ஆண்டு ஒக்டோபர் 20 ஆம் திகதி நடந்தது. யாழ்ப்பாண நூலகம் எரிந்து ஒன்றரை வருடங்கூட ஆகவில்லை. தமிழர் விடுதலைக் கூட்டணி போட்டியிடவில்லை. தமிழ்க் காங்கிரஸின் சார்பிலே குமார் பொன்னம்பலம் நின்றார். யாழ்ப்பாண மாவட்டத்திலே நூற்றுக்கு 40 வீதம் அவருக்கு விழுந்தது. இதைக் கேட்டவுடன், பார்த்தீர்களா, தமிழன் தமிழனுக்கே போட்டான் என்பார்கள். ஆனால் இரண்டாவதாக வந்தவர் யார்? சுதந்திரக் கட்சியின் ஹெக்டர் கொப்பேகடுவ. அவருக்கு நூற்றுக்கு 35 வீதம்! ஏன்? அவருடைய கட்சி ஆட்சி செய்த 1970 முதல் 1977 வரையான காலத்திலே வெளிநாட்டு வெங்காயமும் மிளகாயும் கட்டுப்படுத்தப்பட்டன. வலிகாமத்துச் செம்மண்ணிலே வெங்காயம் நட்டவன் கல்வீடு கட்டினான். 1977 இலே இறக்குமதிக் கதவு திறந்தது, விலை விழுந்தது. அதே ஆட்சிதான் 1972 ஆம் ஆண்டு அரசியலமைப்பையும் தரப்படுத்தலையும் கொண்டுவந்தது என்பதைத் தோட்டக்காரன் மறந்தானா? மறக்கவில்லை. இரண்டையும் நிறுத்துப் பார்த்தான். ஒரு சிங்கள விவசாய மந்திரிக்கு வாக்களித்தான். தன் நாட்டின் ஆட்சியைத் தன் வயிற்றோடும் தன் தொழிலோடும் சேர்த்து எண்ணுபவன் அன்றோ குடிமகன்? அந்த 35 வீதத்தைத் தேசாபிமானக் கணக்கிலே யாரும் எழுதியதாக நான் அறியவில்லை. அடுத்த ஆண்டு நடந்தது என்ன என்பதும் உங்களுக்குத் தெரியும்.

2005 ஆம் ஆண்டு நவம்பர் 17. இந்தத் தேர்தலைப் பற்றிப் பேச நம்மவர்கள் விரும்புவதில்லை. யாழ்ப்பாண மாவட்டத்திலே 7 இலட்சத்துக்கு மேற்பட்ட பதிவுபெற்ற வாக்காளர். வாக்களித்தவர்கள் 8,524 பேர். நூற்றுக்கு ஒருவர் என்று சொல்லலாம். தெற்கிலே வென்றவருக்கும் தோற்றவருக்கும் இடையில் இருந்த வித்தியாசம் 180,786 வாக்குகள். கணக்குத் தெரிந்தவர்கள் மிகுதியைப் போட்டுக்கொள்ளுங்கள். அது மக்கள் தாமாகச் செய்த பகிஷ்கரிப்பு என்று சொல்வாரும் உண்டு. ஆனால் விடுதலைப் புலிகளின் கட்டளையும் அதன் பின்னால் நின்ற துவக்கும் இல்லாதிருந்தால் அந்த எண் வேறாக இருந்திருக்கும் என்பதை இந்த மண்டபத்திலே மறுப்பார் எவரும் இரார்.

பகிஷ்கரிப்பு என்பது நமக்குப் புதியதன்று. 1924 இல் மாணவர் காங்கிரஸாகத் தொடங்கி வாலிபர் காங்கிரஸாக வளர்ந்த சங்கம் ஹண்டி பேரின்பநாயகம் போன்றவர்களுடையது. வட்டுக்கோட்டையிலே, மிஷன் கல்லூரியிலே படித்தவர் அவர்; எனக்கு அதிலே ஒரு பெருமை. 1927 இலே காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு வரவழைத்த இளைஞர்கள் அவர்கள். 1931 ஆம் ஆண்டு, டொனமூர்த் திட்டம் பூரண சுதந்திரத்தைத் தரவில்லை என்று அவர்கள் பகிஷ்கரிக்கச் சொன்னார்கள். யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் நியமனப் பத்திரம் தாக்கல் செய்ய ஒருவரும் இல்லை. கவனியுங்கள்: அவர்கள் தமிழருக்கு ஆசனம் போதாது என்று ஒதுங்கவில்லை. முழு இலங்கைக்கும் சுதந்திரம் போதாது என்று ஒதுங்கினார்கள். தெற்கிலே புகழ்ந்தவர்கள் இருந்தார்கள். கூட வந்தவர்கள் இல்லை. அவர்கள் செய்தது அரசியலிலே தவறென்று வாதிக்கலாம். என் பேராசிரியர்களில் ஒருவர் அப்படித்தான் வாதிக்கிறார். ஆனால் சந்திச் சந்தியாகக் கூட்டம் வைத்து, எதிர்த்தவனையும் பேசவிட்டு, வாதத்தினாலே சாதித்தார்கள். 1931 க்கும் 2005 க்கும் உள்ள வேறுபாடு அது. இரண்டையும் பகிஷ்கரிப்பு என்ற ஒரே பெயரால் அழைப்பதற்கு எனக்கு நா எழவில்லை.

2010 ஆம் ஆண்டு ஜனவரி 26 ஆம் திகதி எனக்கு நினைவிருக்கிறது. அப்போது எனக்கு எட்டு வயது. யுத்தத்தை நடத்திய சனாதிபதி ஒரு பக்கம். அந்த யுத்தத்தைக் களத்திலே நடத்திய இராணுவத் தளபதி சரத் பொன்சேகா மறு பக்கம். யாழ்ப்பாணத்தானுக்கு வைக்கப்பட்ட தெரிவு அது! நூற்றுக்கு 26 பேர்கூட வாக்களிக்கவில்லை. ஆனால் வாக்களித்தவர்களில் 63 வீதத்துக்கு மேற்பட்டோர் பொன்சேகாவுக்கு அளித்தார்கள். தெற்கிலே சிலர் சிரித்தார்கள்: தங்களைத் தோற்கடித்த தளபதிக்கே வாக்களிக்கிறார்களே, இவர்களுக்கு நினைவில்லையா என்று.

என் அம்மம்மாவும் அன்று வாக்களித்தவர். யுத்தத்திலே ஒரு மகனைப் பறிகொடுத்தவர். நானும் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூட வாசல்வரை போனேன். திரும்பி வரும் வழியிலே, படலையடியில் நின்ற அயலவர் ஒருவர் கேட்டார்: "என்ன ஆச்சி, போயும் போயும் உந்த ஆமிக்காரனுக்கே போட்டனீங்கள்?" அம்மம்மா சொன்னது இது: "அவன் நல்லவன் எண்டு ஆர் சொன்னது? வோட்டாலை ஒருத்தரை வீட்டை அனுப்பேலும் எண்டு அவையளுக்குத் தெரிய வேணும். வாறவனும் பயப்பிடுவான்."

அரசியல் விஞ்ஞானத்திலே இரண்டு வருடம் படித்த பின்னரும் குடியாட்சிக்கு இதைவிடச் சிறந்த வரைவிலக்கணம் எனக்குக் கிடைக்கவில்லை. யுத்தம் முடிந்து எட்டு மாதம். துவக்கினாலே ஒன்றும் ஆகாது, வாக்கினாலே ஆகும் என்று ஒரு கிழவி நம்புகிறாள். எந்த அரசை நம்பி? தன் மகனைக் கொன்ற யுத்தத்தை நடத்திய அதே அரசின் தேர்தற் பெட்டியை நம்பி! தேசாபிமானம் என்பது வேறு என்ன என்று நான் கேட்கின்றேன்.

ஐந்து வருடத்தின் பின், 2015 ஜனவரி 8 ஆம் திகதி, அம்மம்மா சொன்னது நடந்தது. யாழ்ப்பாண மாவட்டம் 74 வீதம் மைத்திரிபால சிறிசேனவுக்கு அளித்தது. முழு நாட்டிலும் அவர் பெற்ற மேலதிக வாக்குகள் ஏறக்குறைய நாலரை இலட்சம். வடக்கும் கிழக்கும் இல்லாமல் அது நடந்திராது. அந்த ஆண்டு பெப்ரவரி 4 ஆம் திகதிச் சுதந்திர தின விழாவிலே சம்பந்தன் அவர்கள் போய் அமர்ந்தார்கள். 1972 க்குப் பின் தமிழர் தலைமை அங்கே அமர்ந்தது அதுவே முதன்முறை. 2016 ஆம் ஆண்டு காலிமுகத் திடலிலே, புலவர் மு. நல்லதம்பி தமிழாக்கிய தேசிய கீதம் ஒலித்தது. 2011 இலே வெளிவந்த நல்லிணக்க ஆணைக்குழுவின் அறிக்கையும் கீதத்தை ஒரே மெட்டிலே இரு மொழியிலும் பாடும் வழக்கத்தைப் பேணச் சொல்லியிருந்தது. கீதம் பாடினால் காணி திரும்புமா, காணாமற்போனவர்கள் வருவார்களா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அந்தக் கேள்வி நியாயமானதே. அந்த ஆட்சி சொன்ன பலவற்றைச் செய்யவில்லை. ஆனால் 2020 பெப்ரவரி 4 ஆம் திகதி தமிழ்க் கீதம் நிறுத்தப்பட்டபோது, அதிலே ஒன்றுமில்லை என்று சொன்னவர்களுக்கும் நெஞ்சு சுட்டது. இல்லாத ஒன்றை எடுத்தால் வலிக்குமா?

2019 நவம்பரிலே யாழ்ப்பாணம் 83 வீதத்துக்கு மேல் சஜித் பிரேமதாசவுக்கு அளித்தது. கோட்டாபய ராஜபக்ஷவுக்கு ஆறு வீதம். அநுராதபுரத்து ருவன்வெலிசாய முன்றிலிலே பதவியேற்ற கோட்டாபய, சிங்கள மக்களின் வாக்கினாலேயே வெல்ல முடியும் என்று தாம் அறிந்திருந்ததாகவும், தமிழரும் முஸ்லிம்களும் சேர வேண்டும் என்று கேட்டும் எதிர்பார்த்த அளவு கிடைக்கவில்லை என்றும் சொன்னார். பாருங்கள், யாழ்ப்பாணம் வாக்களித்ததும் ஒரு சிங்களவருக்குத்தான்! அவருடைய தகப்பனார் இந்த நாட்டின் சனாதிபதியாக இருந்தவர். ஆயினும் அது இன வாக்காக எண்ணப்பட்டது. தவறான சிங்களவருக்கு வாக்களித்தால் இனவாதம், சரியான சிங்களவருக்கு அளித்தால் தேசாபிமானம் என்றால், இதிலே பரிசோதகரின் விடைத்தாள் முன்னமே எழுதப்பட்டுவிட்டது. மூன்றாண்டு கழியுமுன், 2022 ஜூலையிலே, அவரைப் பதவி விட்டு ஓடச் செய்தவர்கள் யார்? அவருக்கு வாக்களித்த மக்களும் அல்லவா அந்தத் தெருவிலே நின்றார்கள்?

அமெரிக்காவிலும் இந்தப் பரிசோதகர் உண்டு. 2008 இலே கறுப்பினத்தவரான பராக் ஒபாமா போட்டியிட்டபோது, சட்டையிலே கொடிச் சின்னம் குத்தவில்லையே, இவருக்கு நாட்டுப்பற்று உண்டா என்று கேட்டார்கள். தம் பாதிரியார் ஒருவரின் கடும் பேச்சுக்காகப் பிலடெல்பியாவிலே நீண்ட விளக்கம் அளிக்க வேண்டியிருந்தது. சின்னத்தை அவர் பின்னர் அடிக்கடி குத்தினார், வென்றார். வென்ற பின்னும் நீர் பிறந்தது எந்த நாடு என்ற கேள்வி நிற்கவில்லை. பரீட்சையிலே தேறினாலும் மறுபரீட்சை வரும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமோ?

சரி, தெற்கைப் பற்றி இவ்வளவு சொன்னேன், நீங்களும் தலையசைத்தீர்கள். இனித் தலையசைக்கமாட்டீர்கள் என்று பயப்படுகின்றேன். நாமும் பரீட்சை வைக்கின்றோம். 2012 ஆம் ஆண்டு மே தினத்திலே யாழ்ப்பாணத்து மேடையிலே சம்பந்தன் அவர்கள் சிங்கக் கொடியைக் கையிலேந்தி அசைத்தார்கள். அந்த வயோதிபரை என்னென்ன சொன்னோம்! அந்தக் கொடியிலே குறை இல்லையா? உண்டு. சிங்கம் நிற்கும் சட்டத்துக்கு வெளியே தமிழருக்கு ஒரு பட்டி, முஸ்லிம்களுக்கு ஒரு பட்டி. 1951 இலே அது வந்தபோதே கொடிக் குழுவில் இருந்த செனேற்றர் நடேசன் உடன்படாமல் ஒதுங்கினார். அது காரணத்தோடு கூடிய மறுப்பு. நாமோ காரணம் பேசாமல் துரோகி என்ற ஒரு சொல்லைப் பேசினோம். நாட்டை நேசிப்பவன், நேசிக்காதவன் என்று அங்கே பிரித்தது தவறென்றால், இனத்தை நேசிப்பவன், துரோகி என்று இங்கே பிரிப்பது எப்படிச் சரியாகும்?

முன்னே சொன்ன மூன்றாவது ஆளை மறக்கவில்லை. 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்திலே வெளியேற்றப்பட்டார்கள். வட மாகாணம் முழுவதிலும் 70,000 க்கும் மேற்பட்டோர். சோனகத் தெருவிலே சன்னல் இல்லாத வீடுகளை நீங்களும் கண்டிருப்பீர்கள். சிங்களவரோடு நாம் நல்லிணக்கம் பேசும் மேசையிலே அவர்களுக்கு ஒரு கதிரை போட்டோமா? 1877 இலே வெள்ளையரும் வெள்ளையரும் செய்துகொண்டதை நாம் குறை சொல்லும்போது இதுவும் மனதிலே உறுத்த வேண்டும். எனக்கு உறுத்துகின்றது.

2024 ஆம் ஆண்டிலே நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கின்றேன். அது எல்லோரும் கண்டது. செப்டெம்பர்ச் சனாதிபதித் தேர்தலிலே யாழ்ப்பாண வாக்கு மூன்று நான்கு பேருக்குப் பிரிந்தது. பொதுத் தமிழ் வேட்பாளர் அரியநேத்திரனுக்கு 31 வீதம், சஜித்துக்கு அதற்குச் சற்று மேல், வென்ற அநுர குமார திசாநாயக்கவுக்கு ஏழு வீதம். இரண்டு மாதத்தின் பின் பாராளுமன்றத் தேர்தலிலே அதே அநுரவின் தேசிய மக்கள் சக்தி இங்கே ஆறு ஆசனங்களில் மூன்றைப் பெற்றது. அடுத்த மே மாதத்து உள்ளூராட்சித் தேர்தலிலே தமிழ்க் கட்சிகள் திரும்பவும் முன்வந்தன. யாழ்ப்பாணத்தான் நிலையில்லாதவன் என்று ஒரு பத்திரிகை நண்பர் சலித்துக்கொண்டார். எனக்கோ அதிலே சலிப்பில்லை. வெங்காயத்தையும் தரப்படுத்தலையும் நிறுத்துப் பார்த்தவனின் பேரப்பிள்ளைகள்தாமே!

இனி நமது செயற்குழுவின் வாதத்துக்குத் திரும்புகின்றேன். அந்தக் கூட்டம் முடிந்தபின், மண்டபத்தைக் கூட்டிக்கொண்டிருந்த ஒரு தாயாரிடம் போய்க் கேட்டேன். அவருடைய மகன் 2009 இலே சரணடையப் போனவர், இன்னும் வரவில்லை. "அம்மா, விழாவிலே தேசிய கீதம் தமிழிலே பாடினால் உங்களுக்கு என்ன மாதிரி இருக்கும்?" என்றேன். அவர் விளக்குமாற்றை நிறுத்திச் சற்று யோசித்தார். "பாடுங்கோ தம்பி. தமிழ்தானே, கேக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா நான் எழும்ப மாட்டன். இருந்தபடியே கேக்கிறன்" என்றார்.

செயற்குழு மீண்டும் தை மாதம் கூடும். கொடியைப் பற்றி இன்னும் வாதிக்கலாம். நடேசன் அவர்களின் மறுப்பையும் எடுத்து வைத்து வாதிப்போம். கீதத்தைப் பாடலாம் என்றே நான் கையுயர்த்துவேன். ஆனால் "எல்லோரும் எழுந்து நிற்கவும்" என்று ஒலிபெருக்கியில் அறிவிக்கும் வேலையை என்னிடம் தரவேண்டாம் என்று தலைவர் அவர்களை இப்போதே கேட்டுக்கொள்கின்றேன். முன்வரிசையிலே அந்தத் தாயாருக்கு ஒரு கதிரை போடும் வேலையை மட்டும் தாருங்கள்.